வானவில் ட்ரவுட்: குளிர்நீரால் அளக்கப்படும் மீன்வளர்ப்பு

செவுள் மூடியிலிருந்து வால்வரை பக்கவாட்டில் ஓடும் இளஞ்சிவப்புப் பட்டையாலும், முதுகிலும் துடுப்புகளிலும் நெருங்கிப் பரவிய கரும்புள்ளிகளாலும் எளிதில் இனங்காணப்படும் வானவில் ட்ரவுட், சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த ஊனுண்ணி மீனாகும். அலாஸ்கா முதல் மெக்சிகோ வரை பசிபிக் பெருங்கடலில் கலக்கும் ஆறுகளும், எதிர்க்கரையில் உள்ள ரஷ்யாவின் கம்சாத்கா தீபகற்பமும் இதன் தாயகம். கம்சாத்காவில் கிடைத்த மீனுக்கு 1792இல் ஒரு பெயரும், அமெரிக்கக் கரையில் கிடைத்த மீனுக்கு 1836இல் மற்றொரு பெயரும் இடப்பட்டு, இரண்டும் ஒரே இனமே என்பதும் அது பசிபிக் சால்மன்களுக்கு நெருங்கிய உறவு என்பதும் தெளிவான பின்னரே, 1989இல் ‘ஆங்கோரிங்கஸ் மைகிஸ்’ என்னும் இன்றைய அறிவியற்பெயர் நிலைபெற்றது.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு தரும் கணக்கின்படி, 2020இல் உலகப் பண்ணைகளில் விளைந்த வானவில் ட்ரவுட்டின் அளவு உள்நாட்டு நீர்நிலைகளில் ஏறத்தாழ 7.4 லட்சம் டன்னாகவும், கடல் பண்ணைகளில் ஏறத்தாழ 2.2 லட்சம் டன்னாகவும் இருந்தது. அதே ஆண்டில் புல்கெண்டை மட்டும் 57 லட்சம் டன்னைத் தாண்டி விளைந்தது என்பதை நோக்க, ட்ரவுட்டின் பங்கு சிறியதே. ஆயினும் அண்டார்க்டிகா தவிர்ந்த எல்லாக் கண்டங்களுக்கும் மனிதர் இதைக் கொண்டுசென்றுள்ளனர். ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் இத்தொழிலில் நேர்ந்த மாற்றங்கள் பலவாயினும், கிடைக்கும் குளிர்நீரிலிருந்து மேலும் கொஞ்சம் மீனைப் பெறுவது எப்படி என்னும் ஒரே கேள்வியே அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருக்கிறது.

ஆக்சிஜன் கணக்கு

கெண்டை வளர்ப்பவர் குளத்தின் பரப்பை ஏக்கரில் சொல்வார். ட்ரவுட் வளர்ப்பவர் நொடிக்கு எத்தனை லிட்டர் நீர் வருகிறது என்று சொல்வார். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனாகும். கடல்மட்டத்தில், 10 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீர் அதிகபட்சமாக 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 20 பாகையில் அது 9.1 மில்லிகிராமாகக் குறையும். ட்ரவுட் நலமாக வளர லிட்டருக்கு 6 மில்லிகிராம் எப்போதும் நீரில் எஞ்சியிருக்க வேண்டும் என்பதால், மீன் எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு குளிர்ந்த நீரில் ஏறத்தாழ 5 மில்லிகிராம், வெதுவெதுப்பான நீரில் ஏறத்தாழ 3 மில்லிகிராம் மட்டுமே. ஒரு கிலோ தீவனத்தை உண்டு செரித்து உடலாக்க மீன்களுக்கு ஏறத்தாழ 250 கிராம் ஆக்சிஜன் தேவைப்படுகிறது எனக் கொண்டால், இடையில் காற்றூட்டம் இல்லாத நிலையில் 10 பாகை நீரில் 50,000 லிட்டரும், 20 பாகை நீரில் 80,000 லிட்டருக்கு மேலும் ஓடியாக வேண்டும். நீர் சூடேறும்போது மீனின் உடலியக்கமும் விரைவுபடுவதால் தேவை கூடும் வேளையிலேயே இருப்பு குறைகிறது. 12 முதல் 18 பாகை வரை நன்கு வளரும் இம்மீன், 25 பாகையை நெருங்கும்போது உயிருக்குப் போராடுவது இதனாலேயே.

இக்கணக்குக்கு ஏற்ப அமைந்ததே ‘ஓடுநீர்த் தொட்டி’ என்னும் நீண்டு குறுகிய கான்கிரீட் வாய்க்கால். தலைப்பில் நுழையும் நீர் மீன்களைக் கடந்து, கழிவை ஏந்திக்கொண்டு கடைமடையில் வெளியேறும். அங்கிருந்து சிறு அருவிபோல் விழுந்து காற்றைக் கலந்துகொண்டு அடுத்த தொட்டிக்குச் செல்லும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், ஸ்னேக் ஆற்றின் பள்ளத்தாக்குச் சுவர்களிலிருந்து ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 15 பாகை வெப்பத்தில் பீறிடும் ஊற்றுகளை நம்பி, ஹேகர்மன், பூல் ஆகிய ஊர்களைச் சுற்றி இத்தகைய பண்ணைகள் பெருகின. அந்நாட்டின் உணவுக்கான ட்ரவுட்டில் பெரும்பங்கு இங்கிருந்தே வருகிறது. அந்த ஊற்றுகளும் நிலையானவையல்ல. மேட்டுநிலத்தில் வாய்க்கால் பாசனம் பரவியபோது வயல்களில் கசிந்த நீரால் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெருகிய ஊற்றுகள், தெளிப்புநீர்ப் பாசனமும் ஆழ்துளைக் கிணறுகளும் வந்தபின் குறையத் தொடங்கின. விளைவாக, மீன் பண்ணையாளருக்கும் உழவருக்கும் இடையே நீருரிமை வழக்குகள் நீண்டன.

முட்டையின் பயணம்

கலிபோர்னியாவின் மெக்லௌட் ஆற்றங்கரையில் 1879இல் லிவிங்ஸ்டன் ஸ்டோன் அமைத்த நிலையத்திலிருந்து இம்மீனின் முட்டைகள் நெடுந்தொலைவு பயணப்பட்டன. அது இயன்றதற்கு முட்டையின் இயல்பே காரணம். ஒரு கிலோ எடையுள்ள பெண் மீன் ஏறத்தாழ 2,000 முட்டைகளே இடும். ஆனால் ஒவ்வொன்றும் 3 முதல் 7 மில்லிமீட்டர் வரை பருமனுடையது. முதிர்ந்த பெண் மீனின் வயிற்றை மெல்ல நீவி உலர்ந்த பாத்திரத்தில் முட்டைகளைச் சேர்த்து, அதன்மேல் ஆண் மீனின் விந்தைக் கலந்து, பிறகே நீர் ஊற்றுவது ‘உலர்முறைக் கருவூட்டல்’ எனப்படும். சில வாரங்களில் கருவின் கண்கள் முட்டைக்குள் இரு கரும்புள்ளிகளாகத் தெரியும். இந்தக் ‘கண்புள்ளிப் பருவத்தை’ எட்டிய முட்டை, ஈரமும் குளிர்ச்சியும் காக்கப்பட்டால் பல நாள் பயணத்தைத் தாங்கும். அன்று பாசியிலும் பனிக்கட்டியிலும் பொதிந்து கப்பலேறிய முட்டைகள், இன்று வெப்பங்காப்புப் பெட்டிகளில் விமானமேறுகின்றன.

10 பாகை நீரில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பொரியும் குஞ்சு, தன்னுடன் பெரிய மஞ்சட்கருப் பையைச் சுமந்து வருகிறது. அது தீர்ந்து குஞ்சு நீந்தி எழும்போதே அதன் வாய் உலர்தீவனத் துகளை விழுங்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும். பல கடல்மீன் குஞ்சுகளுக்கு நுண்ணுயிரிகளை உயிருடன் வளர்த்துத் தர வேண்டியுள்ளதையும், இந்தியப் பெருங்கெண்டைகளைக் குளத்தில் முட்டையிடச் செய்ய 1957இல் ஹீராலால் சௌத்ரி ஹார்மோன் ஊசிமுறையைக் கண்டறியும்வரை காத்திருக்க நேர்ந்ததையும் நினைத்துப் பார்த்தால், ட்ரவுட் எவ்வளவு முன்னதாகவே பண்ணைக்கு வசப்பட்டது என்பது விளங்கும்.

மரபும் தீவனமும்

பண்ணைக்குப் பழகிய மீனைப் பண்ணைக்கேற்ப மாற்றுவது அடுத்த படியாயிற்று. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லாரன் டொனால்ட்சன் 1932இல் தொடங்கி, தலைமுறைதோறும் விரைந்து வளர்வனவற்றையும் மிகுதியாக முட்டையிடுவனவற்றையும் தெரிந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார். 1970களில் நார்வே நாட்டார், குடும்ப வழிகளைப் பதிவுசெய்து ஒப்பிடும் முறையைச் சால்மனுடன் ட்ரவுட்டுக்கும் கொண்டுவந்தனர். ஒளிக்காலத்தை விளக்குகளால் கூட்டியும் குறைத்தும் முட்டையிடும் பருவத்தை மாற்றக் கற்றுக்கொண்டபின், பண்ணைகள் ஆண்டின் எந்த மாதத்திலும் முட்டைகளைப் பெற முடிந்தது.

ஆண் ட்ரவுட் இளமையிலேயே இனமுதிர்ச்சி அடைந்து, உண்ட தீவனத்தைத் தசையாக்காமல் விந்தாக்கிவிடுவதால், பெண் மீன்களை மட்டும் வளர்ப்பது இலாபகரமானது. இதற்காகப் பெண் குஞ்சுகள் சிலவற்றுக்கு முதற்சில வாரங்கள் ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் தந்து, மரபால் பெண்ணாகவும் செயலால் ஆணாகவும் இருக்கும் மீன்களை உருவாக்குகின்றனர். அவற்றின் விந்தால் கருவுறும் முட்டைகள் அனைத்தும் பெண்ணாகவே பொரியும். ஹார்மோன் பெற்றது தந்தை மீனேயன்றி உணவாகும் மீனன்று. கருவூட்டிய சிறிது நேரத்தில் முட்டைகளை வெப்ப அதிர்ச்சிக்கோ உயர் அழுத்தத்துக்கோ ஆட்படுத்தினால், இரண்டுக்குப் பதில் மூன்று குரோமோசோம் தொகுதிகள் கொண்ட ‘மும்மடிய’ மீன்கள் கிடைக்கின்றன. இவை மலடாதலால் இனப்பெருக்கத்தில் ஆற்றலை வீணாக்காமல் பெரிதாக வளர்வதோடு, தப்பிச் சென்றாலும் ஆற்றில் பெருகுவதில்லை.

தீவனத்தின் வரலாற்றுக்கு டென்மார்க் சிறந்த சான்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் அந்நாட்டு மண்குளங்களில் வளர்ந்த ட்ரவுட்டுக்கு, விலைபோகாத கடல்மீன்களை அரைத்துப் பச்சையாகவே போட்டனர். அதில் பெரும்பகுதி கரைந்து ஓடைகளை மாசுபடுத்தியதால், 1980களில் அப்பழக்கம் தடைசெய்யப்பட்டு உலர்தீவனம் கட்டாயமாயிற்று. ஒவ்வொரு பண்ணையும் ஆண்டுக்கு எவ்வளவு தீவனம் இடலாம் என்பதற்கும் வரம்பு வந்தது. உயர் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிதுக்கி வார்க்கப்படும் இன்றைய தீவனக் குருணை, மிகுதியான எண்ணெயைத் தன்னுள் தாங்குவதால், ஒரு கிலோவைச் சற்றே விஞ்சும் தீவனத்தில் ஒரு கிலோ மீன் விளைகிறது. குருணையின் உள்ளடக்கமும் மாறிவருகிறது. முன்பு பெரும்பகுதியாயிருந்த மீன்மாவு சுருங்கி, சோயா, மக்காச்சோளப் புரதம், கோழிக்கழிவு மாவு, அண்மையில் பூச்சிப்புழு மாவு ஆகியவை அவ்விடத்தை நிரப்புகின்றன. எனினும் ஊனுண்ணியான இம்மீனுக்குச் சோயா மிகுந்தால் குடல் அழற்சி உண்டாவதால் அம்மாற்றத்துக்கு ஓர் எல்லை உண்டு.

கூண்டுகளும் கடலும்

வானவில் ட்ரவுட்டில் ஒரு பகுதி இளமையில் கடலுக்குச் சென்று வளர்ந்து, இனப்பெருக்கத்துக்கு ஆறு திரும்பும் இயல்புடையது. உப்புநீரைத் தாங்கும் இந்த ஆற்றலே, வலையாலான மிதவைக் கூண்டுகளில் கடலிலும் இதை வளர்க்க வழிசெய்தது. நார்வேயும் சிலியும் இவ்வழியில் பெரிய மீன்களை விளைவித்து, அஸ்டாசாந்தின் என்னும் நிறமியைத் தீவனத்தில் சேர்த்து, சதைக்குச் சால்மனின் செந்நிறத்தையும் தந்தன. சிலியின் விளைச்சல் 2012இல் 2.5 லட்சம் டன்னை எட்டி, பாக்டீரியா நோயாலும் சந்தைச் சரிவாலும் சில ஆண்டுகளிலேயே பெரிதும் வீழ்ந்தது. சீனாவின் சிங்காய் மாநிலத்தில் மஞ்சள் ஆற்றின் லோங்யாங்சியா நீர்த்தேக்கத்தில் வளர்ந்த ட்ரவுட் ‘சால்மன்’ எனவே விற்கப்படுவது 2018இல் வெளிப்பட்டுச் சர்ச்சையானபோது, அந்நாட்டு மீன்பொருள் வணிகக் கூட்டமைப்பு அப்பெயரில் விற்கலாம் என்றே விதி வகுத்தது.

இன்று நன்னீர் ட்ரவுட் விளைச்சலில் முன்னணியில் நிற்பவை ஈரானும் துருக்கியும். வறண்ட நாடெனக் கருதப்படும் ஈரானில், ஜாக்ரோஸ் மலைத்தொடரின் பனியுருகி ஊறும் ஊற்றுகளே பண்ணைகளுக்கு ஆதாரம். பாசனக் குட்டைகளிலும் ட்ரவுட் வளர்க்கப்படுவதால் ஒரே நீர் மீனுக்கும் வயலுக்கும் பயன்படுகிறது. துருக்கியரோ அணைகளின் நீர்த்தேக்கங்களில் வளர்த்த இளமீன்களை, கருங்கடல் குளிரும் இலையுதிர் காலத்தில் கடற்கூண்டுகளுக்கு மாற்றி, அக்கடல் மீண்டும் சூடேறும் கோடைக்கு முன் இரண்டு மூன்று கிலோ எடையில் அறுவடை செய்து, ‘துருக்கிச் சால்மன்’ என ஏற்றுமதி செய்கின்றனர். பெரு நாட்டின் பூனோ வட்டாரத்தில், 3,800 மீட்டர் உயரத்தில் கிடக்கும் டிட்டிகாக்கா ஏரியிலும் கூண்டுகள் மிதக்கின்றன. அங்குக் குளிர்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாதலால், நீர் ஏற்கும் ஆக்சிஜனும் அதே அளவில் குறைகிறது. பண்ணைக்கு வெளியே இம்மீன் விளைக்கும் தீங்கையும் அவ்வேரி காட்டுகிறது: புதிதாக விடப்பட்ட ட்ரவுட் முதலிய மீன்கள் பெருகியபின், அங்கு மட்டுமே வாழ்ந்த ஓரெஸ்டியாஸ் குவியேரி என்னும் மீன் இல்லாதொழிந்தது. உலகின் மிகக் கேடு விளைக்கும் 100 அயல் இனங்களின் பட்டியலில் வானவில் ட்ரவுட்டும் இடம்பெற்றுள்ளது.

நீரைத் திரும்பப் பயன்படுத்தல்

மீன்கள் நெருக்கமாக வாழுமிடத்தில் நோயும் நெருக்கமாகவே பரவும். ஹேகர்மன் பள்ளத்தாக்கில் 1950களில் கண்டறியப்பட்ட ‘செவ்வாய் நோய்’ என்னும் பாக்டீரியா நோய்க்கு எதிராக 1976இல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற தடுப்பூசியே, வணிக அளவில் வந்த முதல் மீன் தடுப்பூசியாகும். கோடை நீர் சூடேறும்போது தலையெடுக்கும் நோய்களும் உண்டு என்பதால், புவி வெப்பமாதல் ஆக்சிஜனைக் குறைப்பதோடு நோயையும் கூட்டுகிறது.

குறைந்த புதுநீரில் மீன் வளர்க்க டென்மார்க் கண்ட விடை, 2000களின் நடுவில் பரவிய ‘மாதிரிப் பண்ணை’. இங்கு, மீன் கடந்துவந்த நீரிலிருந்து திண்மக் கழிவைச் சுழலும் சல்லடை பிரித்தெடுக்க, மீன் கழிக்கும் நச்சான அம்மோனியாவை உயிரி வடிகட்டியில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்ற, காற்றூட்டம் பெற்று நீர் மீண்டும் மீனிடமே திரும்புகிறது. ஒரு கிலோ மீனுக்கு ஏறத்தாழ 50,000 லிட்டராக இருந்த புதுநீர்த் தேவை, இவற்றுள் மேம்பட்ட பண்ணைகளில் ஏறத்தாழ 4,000 லிட்டராகச் சுருங்கியது. முழுமையாக மூடிய கட்டடங்களில் இயங்கும் மறுசுழற்சிப் பண்ணைகளில் அது இன்னும் குறைவு. ஆனால் ஊற்று இலவசமாகத் தந்த குளிர்ச்சியையும் ஓட்டத்தையும் இங்கு மின்சாரம் தர வேண்டும்; சில நிமிடம் காற்றூட்டம் நின்றாலும் தொட்டி முழுவதும் மடியக்கூடும். முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்னும் பொருள் சுழலும் நீரில் சேர்ந்து சதையில் ஏறிவிடுவதால், விற்பனைக்கு முன் மீன்களைச் சில நாட்கள் தூயநீரில் பட்டினி இடுவதும் இம்முறையின் செலவுகளுள் ஒன்று.

உயரமே குளிர்ச்சி

இந்தியாவில் 1980களில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியுடன் காஷ்மீரின் கோகர்நாக்கிலும், நார்வேயின் உதவியுடன் இமாசலப் பிரதேசத்தின் பட்லிகுல்லிலும் பெரிய பண்ணைகள் எழுந்தபின், மலையோர உழவர்களின் சிறு ஓடுநீர்த் தொட்டிகளுக்கு இம்மீன்வளர்ப்பு பரவிவருகிறது. இமயத்தில் இம்மீனுக்கு வேண்டிய குளிர்ச்சியைப் பனியாறு தருகிறது; தெற்கே அதை உயரம் மட்டுமே தர முடியும். நீலகிரிக்கு ட்ரவுட்டைக் கொண்டுவர 1860களில் பிரான்சிஸ் டே எடுத்த முயற்சி பலிக்காமல் போக, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் அதில் வென்று, அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் அமைந்தது. மூணாறு மலைகளிலும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் நிகழ்ந்ததுபோல், இங்கும் அது தூண்டில் விளையாட்டினரின் மீனாகவே நின்றது. ஓடைகள் சூடேறினால் இமயத்து உழவர் தொட்டியை மேலும் உயரே கட்டலாம். ஐடஹோவில் ஊற்று சுருங்கினால் நீதிமன்றம் செல்லலாம். டென்மார்க்கில் மின்கட்டணம் செலுத்தி நீரைச் சுழற்றலாம். நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டரில் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் ஏறிச்செல்ல அங்குள்ள ட்ரவுட்டுக்கு ஓடை இல்லை.