நோயாளரின் ஹக்: ஃபிக்ஹும் பீமாரிஸ்தானும் காட்டும் நெறி

அரபு மொழியில் ‘ஹக்’ என்னும் சொல் உண்மையையும் உரிமையையும் ஒருங்கே குறிக்கும். ஒருவருக்குரிய ஹக்கை அவருக்கு வழங்குவது கொடையன்று, கடன். நோயாளரின் உரிமைகளைப் பற்றிப் பேசப் புகுமுன் இவ்வேறுபாட்டை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். ஏனெனில், புறநோயாளர் பிரிவின் வாயிலில் சீட்டுடன் காத்திருப்பவர் பெரும்பாலும் உதவி வேண்டி வந்தவராகவே நடத்தப்படுகிறார். மருத்துவரின் எதிரே அவர் அமர்ந்திருப்பது சில நிமிடங்களே. அந்நிமிடங்களில் தம் நோய் இன்னதென அவருக்குச் சொல்லப்படுகிறதா, அவருடைய சம்மதம் கேட்கப்படுகிறதா, அவருடைய மானமும் இரகசியமும் காக்கப்படுகின்றனவா என்பனவே நம்முன் உள்ள வினாக்கள்.

நோயாளர் உரிமை என்பது மேலைநாட்டிலிருந்து அண்மையில் இறக்குமதியான கருத்து என நம்மில் சிலர் எண்ணுவர். நம் ஃபிக்ஹு நூல்களையும் மருத்துவமனைகளின் வரலாற்றையும் புரட்டிப் பார்ப்போர் அவ்வாறு எண்ணார்.

சம்மதம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறுதிக்காலத்தில் நோயுற்றிருந்தபோது, குடும்பத்தார் அவர்களுடைய வாயின் ஓரத்தில் மருந்தை ஊற்றினர். இவ்வாறு ஊற்றும் மருந்துக்கு ‘லதூத்’ என்று பெயர். வேண்டாமென நபியவர்கள் சைகையால் தடுத்தார்கள். நோயாளிக்கு மருந்தின்மீது இயல்பாக எழும் வெறுப்பே இது என்றெண்ணி, குடும்பத்தார் அதைப் பொருட்படுத்தவில்லை. தெளிவு பெற்றதும் நபியவர்கள் அவர்களைக் கண்டித்து, அப்போது அங்கில்லாத அப்பாஸ் (ரலி) நீங்கலாக, வீட்டிலிருந்த அனைவருக்கும் தம் கண்ணெதிரிலேயே அம்மருந்தைப் புகட்டச் செய்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரீயில் இடம்பெற்றுள்ளது. ஊற்றியவர்கள் அன்புடையவர்கள், நன்மையையே நாடியவர்கள். எனினும் நல்லெண்ணம் சம்மதத்திற்கு ஈடாகாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

ஃபிக்ஹில் ‘ளமான்’ எனப்படும் இழப்பீட்டுப் பொறுப்பு பற்றிய விவாதமும் இதனையே உறுதிசெய்கிறது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்பது அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் வந்துள்ள நபிமொழியின் கருத்து. ஹிஜ்ரி 620இல் மறைந்த இமாம் இப்னு குதாமா (ரஹ்) தமது ‘அல்முக்னீ’யில் மேலும் ஒரு படி செல்கிறார்: தேர்ந்த கையுடையவராயினும், காப்பாளரின் அனுமதியின்றிச் சிறுவனுக்குச் சிகிச்சை செய்து அது தீங்காய் முடிந்தால், அவர் பொறுப்பேற்கவே வேண்டும். திறமை ஒன்று; அனுமதி வேறொன்று. இந்திய உச்சநீதிமன்றமும் 2008இல் அளித்த தீர்ப்பொன்றில், நோயறிவதற்கான ஆய்வுக்குத் தரப்பட்ட சம்மதம் அறுவைச் சிகிச்சைக்கான சம்மதமாகாது எனத் தெளிவுபடுத்தியது.

மானம்

கறுப்பினப் பெண்மணி ஒருவர் வலிப்பு நோயால் வருந்தி நபியவர்களிடம் வந்த செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் மாணவர் அதாவுக்கு அப்பெண்மணியைச் சுவனத்துக்குரியவர் எனச் சுட்டிக்காட்டினார்கள். பொறுமை காத்தால் சுவனம் உண்டு. விரும்பினால் குணமடையப் பிரார்த்திக்கிறேன் என்று நபியவர்கள் இரு வழிகளை அவர்முன் வைத்து, தேர்வை அவரிடமே விட்டார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். ஆனால் ஒன்றை மட்டும் வேண்டினார்: வலிப்பு வரும் வேளையில் தம் ஆடை விலகாதிருக்கப் பிரார்த்திக்க வேண்டும் என்றார். நபியவர்கள் அவ்வாறே பிரார்த்தித்தார்கள்.

இந்நிகழ்ச்சி ஆழ்ந்து நோக்கத்தக்கது. நோயைத் தாங்கிக்கொள்ள முன்வந்த அப்பெண்மணியால் மானக்குறைவைத் தாங்கிக்கொள்ள இயலவில்லை. நோயாளருக்கு உடல்நலத்தைவிட மானம் பெரிதாக இருக்கக்கூடும் என்பதை நபியவர்கள் ஏற்றார்கள். தேவைக்காக அனுமதிக்கப்பட்டது தேவையின் அளவோடு நிற்க வேண்டும் என்னும் ஃபிக்ஹு விதியின்படி, பரிசோதனைக்கு வேண்டிய பகுதியை மட்டுமே திறக்கலாம். ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கையில் மற்றொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பதைத் தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனமும் கூறுகிறது. திரைச்சீலை ஒன்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அது இல்லாத புறநோயாளர் அறைகள் இன்னும் உள்ளன என்றால், குறை பணத்தில் இல்லை.

இரகசியமும் ஏடும்

இடைக்கால இஸ்லாமிய நகரங்களில் அங்காடியையும் தொழில்களையும் கண்காணித்தவர் ‘முஹ்தசிப்’. அவருக்காக எழுதப்பட்ட ஹிஸ்பா நூல்களில் மருத்துவர்க்கெனத் தனி அதிகாரம் உண்டு. நோயாளரின் இரகசியத்தை வெளியிடுவதில்லை எனவும், வீட்டுப் பெண்டிரைக் காணநேர்கையில் பார்வையைத் தாழ்த்துவோம் எனவும் மருத்துவர்களிடம் உறுதிமொழி பெறவேண்டும் என ஷைஸரீயும் இப்னுல் உகுவ்வாவும் எழுதியுள்ளனர். 1993இல் புருனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியும் மருத்துவ இரகசியத்தை அமானிதமாகவே கருதித் தீர்மானம் இயற்றியது. காத்திருப்போர் செவிபட ஒருவருடைய நோயின் பெயரை உரக்கக் கூவுவது அமானித மோசடியன்றி வேறென்ன?

அந்நூல்கள் கூறும் மற்றொரு நடைமுறை நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. மருத்துவர் நோயாளரிடம் நோய்க்குறிகளைக் கேட்டறிந்து, தாம் கேட்டதையும் பரிந்துரைத்ததையும் எழுதி, அதன் படியைச் சாட்சிகள் முன்னிலையில் உறவினரிடம் தரவேண்டும். நோயாளர் இறந்துவிட்டால் உறவினர் அவ்வேட்டைத் தலைமை மருத்துவரிடம் காட்டலாம். தவறு மருத்துவருடையது என அவர் கண்டால், குருதிப்பணம் கோரலாம். மருத்துவ ஏடு நோயாளர் தரப்பின் கையில் இருக்க வேண்டும் என்பதே இதன் சாரம். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் எனப் பணிக்கின்றன.

இலவசம் உரிமையை நீக்காது

கெய்ரோவில் 879இல் நிறைவுற்ற இப்னு தூலூன் பள்ளிவாசலின் பின்புறத்தில் மருந்தறை ஒன்று இருந்ததையும், தொழ வந்தோருக்கு நோய் கண்டால் கவனிக்க வெள்ளிதோறும் ஒரு மருத்துவர் அங்கு அமர்ந்ததையும் வரலாற்றாசிரியர் மக்ரீஸீ பதிவுசெய்துள்ளார். அதே நகரில் 1284இல் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்ஸூரீ பீமாரிஸ்தான் ஆண், பெண், ஆண்டான், அடிமை அனைவருக்குமென வக்ஃபு செய்யப்பட்டது. கோடையில் நோயாளருக்கு ஓலை விசிறி, அவர்தம் உணவுக்கு மூடி, வீட்டிலிருக்கும் ஏழை நோயாளருக்கும் மருந்து என அதன் வக்ஃபு சாசனம் நுணுக்கமாக விதித்தது. விசிறியும் மூடியும் மருந்தல்ல, மரியாதை. அம்மரியாதைக்கும் சாசனத்தில் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது.

இன்று ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் இலவச மருத்துவமனைகளும் முகாம்களும் போற்றுதற்குரியவை. ஆயினும் இலவசம் என்பதாலேயே கடுஞ்சொல்லையும் நெரிசலையும் நோயாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்னும் மனப்பான்மை அங்கும் தலைகாட்டுவதுண்டு. சொல்லிக்காட்டியும் மனம் நோகச் செய்தும் தருமங்களைப் பாழாக்காதீர்கள் என்பது அல்பகரா அத்தியாயத்தின் 264ஆம் வசனம் தரும் எச்சரிக்கை. ஸக்காத் செல்வத்தில் ஏழைக்குரிய பங்கு ஹக் என்றால், அச்செல்வத்தால் கிடைக்கும் மருத்துவமும் ஹக்கே. கட்டணம் செலுத்தியவருக்குரிய சம்மதமும் திரையும் இரகசியமும் ஏடும் செலுத்தாதவருக்கும் உரியன.

‘ஸாதுல் மஆத்’ நூலில் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள், தேர்ந்த மருத்துவர் பேணவேண்டிய இருபது விஷயங்களை வரிசைப்படுத்துகையில், குழந்தையிடம் காட்டும் கனிவை நோயாளரிடம் காட்டுவதையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். மருத்துவமனை நடத்தும் நம் நிர்வாகிகள் இந்நெறிகளை எழுதி, வருவோர் படிக்குமாறு வாயிலில் வைக்கட்டும். நோயாளரும் தயக்கமின்றிக் கேட்டுப் பெறட்டும். உரியவரின் ஹக்கை உரியவாறு ஒப்படைக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக!