பாட்டாவுக்கு வீடு இல்லாமல் போனது எப்படி?

தக்கலை பஸ் ஸ்டாண்டில் வயதான ஒருவர் இரவிலும் தங்கினால் நாலு பேச்சு வரும். "மக்களை ஒழுங்கா வளர்த்திருக்க மாட்டாரு", "குடிச்சே அழிச்சிருப்பாரு", "இப்படி இருக்கதுதான் அவருக்கு இஷ்டம்", "புத்தி பேதலிச்சிருக்கும்". இந்தப் பேச்சுகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் போய் முடியும்: நாம் செய்ய ஒன்றுமில்லை.

வளர்ப்புக் குறையா? கல்யாணமே ஆகாதவர்கள், பிள்ளையில்லாத விதவைகள், பிள்ளைகளுக்கு முன்பே சொத்தை எழுதிக் கொடுத்தவர்கள் என்று காரணங்கள் பல. எழுதிக் கொடுத்ததோடு எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்ய 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழி செய்கிறது. பிள்ளைகளிடம் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சமும் கேட்கலாம். பிள்ளை இல்லாதவர், தன் சொத்துக்கு வாரிசாகும் உறவினரிடம் கேட்கலாம். மனுவை ஆர்.டி.ஓ. அல்லது சப் கலெக்டர் விசாரிப்பார்; வக்கீல் வைக்க வேண்டியதில்லை. நம் பகுதிக்கான பத்மநாபபுரம் சப் கலெக்டர் அலுவலகம் தக்கலையிலேயே இருக்கிறது.

குடியா? குடிப்பவர் உண்டு. குடித்துக்கொண்டே சொந்த வீட்டில் இருப்பவர்களும் எத்தனையோ பேர். ரப்பர் வெட்டியும் முந்திரி ஆலையில் கூலிக்கு இருந்தும் பிழைத்தவருக்கு, கண் மங்கி முட்டு தேய்ந்ததும் வாடகை நிற்கும். வீடு போனால் விலாசம் போகும். விலாசம் இல்லாமல் ரேஷன் கார்டும், மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையும் எட்டாக்கனி.

இஷ்டமா? ஒரு லட்சம் பேருக்கு ஒரு இரவுத் தங்குமிடம் வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2010இல் நகரங்களுக்குச் சொன்ன கணக்கு. பத்மநாபபுரம் நகராட்சிக்கு உட்பட்ட தக்கலை அந்தக் கணக்கில் வராது. 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மொத்த மக்களே 21 ஆயிரத்தை ஒட்டித்தான். போக இடமில்லாததை இஷ்டம் என்று சொல்வது நியாயமில்லை.

புத்தி பேதலித்தவரா? அப்படியே இருந்தாலும், 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, திரியும் மனநோயாளியைப் பாதுகாத்துச் சிகிச்சைக்குக் கொண்டு சேர்ப்பது போலீசின் கடமை. ஆனால் பசியும் தூக்கமின்மையும் காது கேளாமையும் கூட ஒருவரைத் தடுமாற வைக்கும்.

நாம் செய்யக்கூடியது: 14567 முதியோர் உதவி எண், அழைப்பு இலவசம். தெருவில் இருக்கும் முதியவரை மீட்கவும் இதில் சொல்லலாம். விலாசம் இல்லாதவருக்கு, அங்கீகரிக்கப்பட்ட காப்பகப் பொறுப்பாளரின் சான்று இருந்தால் ஆதார் எடுக்க முடியும். ஜீவனாம்ச மனுவை, முதியவரால் முடியாதபோது, அவர் அனுமதித்தால் இன்னொருவரும் கொடுக்கலாம். ஆகவே அவரிடம் "மக்க எங்க பாட்டா?" என்று விசாரிப்பதை விட, "ரேஷன் கார்டு, ஆதார் எதாவது கையில இருக்கா பாட்டா?" என்று கேட்பது பயன் தரும்.