மிஷின் விளக்கைத் தனியாக மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து நம் பகுதியில் பட்டறை வேலை தெரியாத தெரு குறைவு. பேட்டைக்குள் இருக்கும் கம்பெனிகள் மட்டுமல்ல, ஆவடி, திருமழிசை, பூந்தமல்லி வரை வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் ஒரு பில்லர் டிரில், ஒரு பெஞ்ச் கிரைண்டர், ஒரு பழைய லேத் வைத்துப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. மாடியில் தையல் மிஷின் ஓடும். இந்த மிஷின்களில் அடிக்கடி கை வைக்கப்படும் இடம் எது என்றால், அதிலுள்ள சின்ன விளக்குதான். மோட்டாரைத் தொட யோசிக்கிறவர்கூட, "லைட்டுதானே" என்று ஒயரை வெட்டி ஒட்டிவிடுவார். அந்த ஒட்டு, மிஷின் பாடி முழுவதிலும் கரண்ட் ஏறக் காரணமாகலாம். அது எப்படி, சரியாகச் செய்வது எப்படி என்பதை இங்கே பார்ப்போம்.

விளக்கை ஏன் மாற்றுகிறார்கள்?

பல மிஷின்களில் விளக்கும் மோட்டாரும் ஒரே சுவிட்சில் இருக்கும். மோட்டாரை நிறுத்தினால் விளக்கும் அணையும். ஆனால் வெளிச்சம் அதிகம் தேவைப்படுவது மிஷின் நிற்கும்போதுதான். பிட் மாற்ற, ஜாப்பைக் கட்ட, அளவு பார்க்க எல்லாம் அப்போதுதான். வெளிச்சத்துக்காக மிஷினை ஓடவிட்டுக்கொண்டே கையை உள்ளே விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே விளக்குக்குத் தனி சுவிட்ச் வேண்டும் என்பது நியாயமான தேவைதான். எங்கிருந்து இணைப்பு எடுப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது.

நான்கு தவறான முறைகள்

ஒன்று, எர்த்தை நியூட்ரலாகப் பயன்படுத்துவது. த்ரீ பேஸ் மோட்டாருக்கு நியூட்ரல் தேவையில்லை. எனவே பல மிஷின்களுக்கு மூன்று பேஸும் ஒரு எர்த்தும் மட்டுமே வந்திருக்கும். விளக்குக்கு 230 வோல்ட் வேண்டும் என்பதால், ஒரு பேஸை எடுத்து மறுமுனையை மிஷின் பாடியில் திருகிவிடுவார்கள். விளக்கு நன்றாகவே எரியும். என்றாவது எர்த் ஒயர் கழன்றால், பேஸ் விளக்கு வழியாக வந்து பாடியில் நிற்கும். அதைத் தொட்டுக்கொண்டு தரையில் நிற்கும் ஆளே அப்போது எர்த் ஆகிறார். இரண்டு பேஸ்களுக்கு இடையே விளக்கைக் கொடுப்பதும் கூடாது. அங்கே சுமார் 415 வோல்ட் இருக்கும். சாதாரண விளக்கு வெடிக்கலாம்.

இரண்டு, சுவிட்சை நியூட்ரலில் போடுவது. சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் பேஸ் இருந்துகொண்டே இருக்கும். பல்பு மாற்றும்போது ஷாக் அடிக்கும். சுவிட்ச் எப்போதும் பேஸில்தான் வர வேண்டும்.

மூன்று, மெல்லிய ஒயரை மோட்டார் லைனிலேயே நேராக ஒட்டுவது. 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 6 முதல் 7 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. அதற்கேற்ப பெரிய எம்.சி.பி. போட்டிருப்போம். 5 வாட் எல்.ஈ.டி. விளக்கு ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட எடுக்காது என்பதால் அதற்கு மெல்லிய ஒயரே போதும். ஆனால் அந்த ஒயர் நைந்து 12 ஆம்பியர் கசிந்தாலும், 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது வழக்கமான சுமைதான், விழாது. ஒயர் சூடேறி உருகும். பக்கத்தில் எண்ணெய்த் துணியோ மரத்தூளோ இருந்தால் தீப்பிடிக்கும்.

நான்கு, மோட்டாருக்கு மின்வாரிய லைன், விளக்குக்கு இன்வெர்ட்டர் லைன் என்று பிரிப்பது. கரண்ட் போனாலும் வெளிச்சம் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் இதைச் செய்கிறார்கள். ஆனால் மெயினை அணைத்துவிட்டு மிஷினைத் திறக்கிறவருக்கு, உள்ளே இன்வெர்ட்டர் லைன் உயிரோடு இருப்பது தெரியாது. இரண்டு லைனின் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். அது விழுவதே தொல்லை என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. உயிர் காக்கும் கருவியை எடுத்துவிட்டுக் கோளாறை அப்படியே வைத்துக்கொள்வதாகத்தான் அது முடியும். கரண்ட் போகும் நேரத்துக்கு, சுவரில் மாட்டும் சார்ஜ் லைட் ஒன்று போதும்.

சரியான முறை

மிஷினுக்கென்று ஒரு மெயின் சுவிட்ச் இருக்க வேண்டும். அதிலிருந்து வெளியே வரும் பக்கத்தில், மோட்டார் ஸ்டார்ட்டருக்கு முன்பாக, விளக்குக்கான இணைப்பைப் பிரிக்க வேண்டும். பேஸில் முதலில் 2 ஆம்பியர் பியூஸ், அடுத்து விளக்கின் சுவிட்ச், பிறகு விளக்கு. நியூட்ரல் தனி ஒயராக போர்டிலிருந்தே வர வேண்டும். இப்படிச் செய்தால் மோட்டார் நின்றாலும் விளக்கு எரியும். மெயினை அணைத்தால் இரண்டும் முழுவதுமாக அணையும்.

இதைவிட நல்லது 24 வோல்ட் விளக்கு. 230 வோல்ட்டை 24 ஆகக் குறைக்கும் சிறிய டிரான்ஸ்பார்மரைப் பெட்டிக்குள் வைத்து, அங்கிருந்து விளக்குக்குக் கொடுப்பது. மிஷினில் நியூட்ரல் இல்லையென்றால், 415 வோல்ட்டிலிருந்து 24 வோல்ட் தரும் டிரான்ஸ்பார்மரும் உண்டு. இரண்டு சுற்றுகளும் தனித்தனியாக உள்ள டிரான்ஸ்பார்மராகக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே சுற்றில் இடையே ஒயர் எடுத்த ஆட்டோ டிரான்ஸ்பார்மர் ஆகாது. மிஷின் விளக்கின் வளையும் கழுத்து தினமும் ஆடும், எண்ணெயும் கூலன்ட்டும் படும், உள்ளே ஒயர் நையும். 24 வோல்ட்டில் அது நைந்தாலும் உயிருக்கு ஆபத்து மிகக் குறைவு. டேங்க் போன்ற குறுகிய இடங்களுக்குள் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கைக் கொண்டுபோகக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 36-ஏ பிரிவு வைத்ததும் இதனால்தான்.

மிஷின் பாடிக்கும், விளக்கின் இரும்புக் கழுத்துக்கும் எர்த் கட்டாயம். வேகம் கூட்டிக் குறைக்கும் எலக்ட்ரானிக் டிரைவ் உள்ள மிஷினில், டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயரில் விளக்கை ஒட்டக் கூடாது. விளக்கும் போகும், டிரைவும் போகலாம். கையில் பிடிக்கும் டிரில், ஆங்கிள் கிரைண்டர் ஆகியவற்றின் உள்ளேயும் விளக்குக்காக இணைப்பு எடுக்க வேண்டாம். சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரை இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் கொண்ட கருவி. அதைத் திறந்து மாற்றினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ஓடும் சக் நிற்பதுபோல் தெரிவது

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். செம்புச் சோக் போட்ட டியூப் லைட்டும், மலிவான சில எல்.ஈ.டி. பல்புகளும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்கு அது தெரியாது. நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் சக் நொடிக்கு 25 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்குள் விளக்கு சரியாக 4 முறை பிரகாசிக்கிறது. நான்கு தாடை சக்கில், ஒவ்வொரு முறையும் ஒரு தாடை இருந்த இடத்துக்கு அடுத்த தாடை வந்திருக்கும். பார்ப்பவருக்கு சக் நிற்பதுபோலவே தோன்றும். மூன்று தாடை சக்கில் 2000 சுற்றில் இதே நிலை. சத்தம் நிறைந்த பட்டறையில் கண்ணை மட்டும் நம்பிக் கையை நீட்டினால் விரல் போய்விடும். 24 வோல்ட் டி.சி. சப்ளையில் எரியும் எல்.ஈ.டி. இப்படி மினுங்காது. மிஷின் விளக்குக்கு அதையே தேர்ந்தெடுங்கள்.

கரண்ட் போய் வரும்போது

சாதாரண சுவிட்ச் போட்ட மிஷின், கரண்ட் போய்த் திரும்பியதும் தானாகவே ஓடும். இருட்டில் பிட்டைத் தடவிக்கொண்டிருப்பவரின் கதி என்ன? பச்சை, சிவப்பு பட்டன் உள்ள ஸ்டார்ட்டர் போட்டால், கரண்ட் வந்தாலும் பச்சைப் பட்டனை அழுத்தும்வரை மோட்டார் ஓடாது. விளக்குக்காக எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் நாளிலேயே இந்த மாற்றத்தையும் செய்துவிடலாம்.

தையல் மிஷின் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு

மோட்டார் பொருத்திய தையல் மிஷின்களில் விளக்கு ஊசிக்கு அருகிலேயே இருக்கும். அதன் ஒயர் துணியோடு உரசி நையும். இன்சுலேஷன் டேப் சுற்றுவது அன்றைக்குத்தான் ஆகும், ஒயரையே மாற்றுங்கள். யு.எஸ்.பி.யில் எரியும் 5 வோல்ட் எல்.ஈ.டி. விளக்கைத் தரமான சார்ஜரோடு பயன்படுத்தினால், மிஷினுக்குள் இணைப்பே எடுக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் விளையாடும் வீட்டில் இதுவே நல்லது.

வேலையை யார் செய்வது?

அரசின் கம்பியாளர் தகுதிச் சான்றிதழ் உள்ளவரிடம் கொடுங்கள். அருகில் நின்று இவற்றைக் கவனியுங்கள்:

• மெயினை அணைத்து, பியூஸ் கேரியரை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொள்கிறாரா?
• டெஸ்டரை மட்டும் நம்பாமல் மீட்டரோ டெஸ்ட் லேம்ப்போ வைத்துப் பார்க்கிறாரா?
• சிங்கிள் பேஸ் மோட்டாரின் கப்பாசிட்டரைத் தொடும் முன் டிஸ்சார்ஜ் செய்கிறாரா? மெயின் அணைத்த பிறகும் அதில் ஷாக் இருக்கும்.
• ஒயர் முறுக்கி டேப் சுற்றாமல் கனெக்டரில் இறுக்குகிறாரா? பெட்டிக்குள் ஒயர் நுழையும் இடத்தில் கிளாண்ட் போடுகிறாரா?
• வேலை முடிந்ததும் எர்த்தைச் சோதித்துக் காட்டுகிறாரா?

போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், விளக்குக்கு முன் அதைப் போடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதிலுள்ள 'டி' பட்டனை அழுத்துங்கள். விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும். வீட்டு இணைப்பில் பட்டறை நடத்துவது 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-வது பிரிவில் சிக்கலாகலாம். உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு உரிய இணைப்பாக மாற்றிக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் பேட்டைக்குள் தண்ணீர் நின்றதை நாம் மறக்கவில்லை. தண்ணீரில் நின்ற மோட்டாரையும் விளக்கு டிரான்ஸ்பார்மரையும் வெயிலில் காயவைத்து உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்த்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே போர்டையும் பிளக்கையும் உயரத்தில் ஏற்றிவிடுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் ஒயரை விலக்குங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். மூச்சும் உணர்வும் இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவே அழுத்திக்கொண்டே இருங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள பெண்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் இன்றே காட்டிவையுங்கள்.