ஜிப் ஃபைலைப் பிரித்த பிறகு

இணையதளத்துக்கான சான்றிதழ் வாங்கியாயிற்று, பணமும் கட்டியாயிற்று. மெயிலில் ஒரு ஜிப் ஃபைல் வருகிறது. பிரித்தால் சி.ஆர்.டி. என்று ஒன்று, பி7பி என்று ஒன்று, 'சி.ஏ. பண்டில்' என்று இன்னொன்று. எதிரே அமேசான் கிளவுடின் திரையில் மூன்று பெட்டிகள் காலியாக நிற்கின்றன. எதை எதில் போடுவது? பெங்களூரில் கோரமங்களாவிலோ எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலோ புதிதாகத் தொடங்கிய கம்பெனி ஒவ்வொன்றிலும் இந்த வேலை யாராவது ஒரு ஜூனியர் தலையில்தான் விழும். இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பை-டூ டீ சொல்லுங்கள், நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எல்லாக் கோப்புகளிலும் இருப்பது ஒரே வகைச் சரக்கு: 1988-இல் வகுக்கப்பட்ட எக்ஸ்.509 சான்றிதழ். மாறுவது பாத்திரம் மட்டும். ஒரே டீதான், கடையில் குடித்தால் கண்ணாடி கிளாஸ், மீட்டிங்குக்கு என்றால் ஃபிளாஸ்க், பார்சல் என்றால் கவர்.

பெம் என்பது எழுத்து வடிவம். நோட்பேடில் திறந்தால் ஐந்து சிறு கோடுகள், 'பிகின் சர்டிஃபிகேட்', மறுபடி கோடுகள். அடுத்த வரி பெரும்பாலும் 'எம்.ஐ.ஐ.' என்று தொடங்கும். மெயிலைப் பாதுகாக்க 1990களின் தொடக்கத்தில் போட்ட திட்டத்தில் பிறந்த வடிவம் இது. அந்தத் திட்டம் எடுபடவில்லை, உறை மட்டும் பிழைத்துக்கொண்டது. டெர் என்பது அதே சரக்கின் பைனரி வடிவம்; நோட்பேடில் திறந்தால் குப்பைபோல் தெரியும். சி.ஆர்.டி., சி.இ.ஆர். என்ற வால்களை நம்ப வேண்டாம். உள்ளே பெம்மும் இருக்கலாம், டெர்ரும் இருக்கலாம். பெயரைப் பார்க்காமல் திறந்து பாருங்கள்.

பி7பி-யில் சான்றிதழும் அதற்கு மேலே உள்ள சான்றிதழ்களின் சங்கிலியும் இருக்கும், தனிச் சாவி (பிரைவேட் கீ) இருக்காது. பி.எஃப்.எக்ஸ். கோப்பில் சாவி உட்பட எல்லாம் இருக்கும், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கும். ஆகவே கையில் எது வந்தாலும் கேட்க வேண்டியது மூன்றுதான்: இது எழுத்தா பைனரியா, சங்கிலி இருக்கிறதா, சாவி இருக்கிறதா?

இனி யாருக்கு எது வேண்டும் என்று பார்ப்போம். அமேசானின் சான்றிதழ் மேலாளர் பெம் மட்டுமே ஏற்கும். ஒரு பெட்டியில் உங்கள் சான்றிதழ், ஒன்றில் பாஸ்வேர்டு இல்லாத சாவி, ஒன்றில் சங்கிலி, அதாவது அந்த 'சி.ஏ. பண்டில்'. சங்கிலிப் பெட்டியில் உங்கள் சான்றிதழையும் சேர்த்து ஒட்டினால் ஏற்காது. அஸ்யூர் ஆப் சர்வீஸுக்கு பி.எஃப்.எக்ஸ். என்ஜின்எக்ஸுக்குச் சான்றிதழும் சங்கிலியும் ஒரே பெம் கோப்பில், சாவி தனியாக. ஜாவா சர்வர்களுக்குப் பழைய ஜே.கே.எஸ். தேவைப்பட்ட காலம் போய்விட்டது. ஜாவா 9 முதல் இயல்பான வடிவமே பி.எஃப்.எக்ஸ்.-இன் உறவான பி.கே.சி.எஸ்.12தான்.

அதிகம் பேரைச் சுற்றலில் விடுவது வடிவம் அல்ல, சங்கிலி. லேப்டாப்பில் குரோமில் பூட்டுப் படம் சரியாக வருகிறது. வாடிக்கையாளரின் ஆண்ட்ராய்டு போனில், அல்லது பேமெண்ட் கேட்வேயிலிருந்து வரும் அழைப்பில், நம்ப முடியாத சான்றிதழ் என்று பிழை. "என் மெஷினில் ஓடுதே சார்!" உங்கள் சான்றிதழில் கையெழுத்திட்டது நேரடியாக வேர்ச் சான்றிதழ் அல்ல, நடுவில் ஓர் இடைநிலைச் சான்றிதழ் உண்டு. அதையும் சேர்த்துக் கொடுப்பது சர்வரின் பொறுப்பு. கொடுக்காவிட்டால் பல டெஸ்க்டாப் பிரவுசர்கள் தாமே தேடி எடுத்துக்கொள்ளும், அல்லது முன்பு பார்த்ததை நினைவில் வைத்திருக்கும். ஆண்ட்ராய்டு ஆப்களும் கர்ல் போன்ற கருவிகளும் பொதுவாக அந்தச் சிரமம் எடுப்பதில்லை. வரிசையும் முக்கியம்: முதலில் உங்களுடையது, பிறகு இடைநிலை. வேர் ஏற்கெனவே எதிராளியின் கையில் இருக்கிறது, அனுப்ப வேண்டாம். சோதிப்பதை பிரவுசரில் செய்யாமல் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் கட்டளையில் செய்யுங்கள். அது உள்ளதை உள்ளபடி காட்டிவிடும்.

பிழைச் செய்திகளில் இரண்டு அடிக்கடி வரும். 'நோ ஸ்டார்ட் லைன்' என்றால் அந்தக் கோடு போட்ட முதல் வரியைக் காணோம் என்று பொருள்; கோப்பு டெர்ராக இருக்கும், அல்லது ஒட்டும்போது முதல் வரி விடுபட்டிருக்கும். 'கீ வேல்யூஸ் மிஸ்மேட்ச்' என்றால் சாவியும் சான்றிதழும் ஜோடி இல்லை. யாரோ இரண்டாம் முறை சி.எஸ்.ஆர். (சான்றிதழ் கோரிக்கை) உருவாக்கியதில் பழைய சாவி ஒரு பக்கம், புதிய சான்றிதழ் ஒரு பக்கம் என்று பிரிந்திருக்கும். மூன்றாவது ஒன்று பொய்யே சொல்லும். 2021-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3-இல் செய்த பி.எஃப்.எக்ஸ்.-ஐப் பழைய விண்டோஸ் சர்வரில் ஏற்றினால் "பாஸ்வேர்டு தவறு" என்று வரும். பாஸ்வேர்டு சரிதான், புதிய குறியாக்கம் அதற்குப் புரியவில்லை. 'லெகசி' என்ற சுவிட்சைச் சேர்த்து மறுபடி செய்தால் போதும்.

அமேசானின் மும்பை ரீஜனில் சான்றிதழை ஏற்றிவிட்டு, கிளவுட்ஃபிரண்ட் பட்டியலில் காணவில்லையே என்று தேடுபவர்களுக்கு: அதற்கான சான்றிதழ் அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியா ரீஜனில்தான் இருக்க வேண்டும்.

"ஆடிட்டர் வாங்கிக் கொடுத்த யு.எஸ்.பி. டோக்கன் இருக்கிறதே, அதுவும் டிஜிட்டல் சான்றிதழ்தானே?" என்பது இங்கே சகஜமாக வரும் இன்னொரு கேள்வி. சைட்டுக்கு அது உதவாது. அந்தக் கையெழுத்துச் சான்றிதழ்கள் 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் இயங்கும் சி.சி.ஏ. என்ற அரசுக் கட்டுப்பாட்டாளரின் வேரிலிருந்து கிளைப்பவை. 2014 ஜூலையில் அந்த மரத்தின் ஒரு கிளையான என்.ஐ.சி. (தேசியத் தகவலியல் மையம்) வழியாக கூகுளின் பெயரிலேயே அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்தது தெரியவந்தது. அந்த வேரை ஏழு டொமைன்களோடு கட்டுப்படுத்தப்போவதாகக் கூகுள் அறிவித்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈமுத்ரா கையெழுத்து, இணையதளம் என இரண்டு வகையும் தருகிறது. ஆனால் அதன் இணையதளச் சான்றிதழ்கள் 2018-இல் உருவாக்கிய எம்சைன் என்ற தனி வேரின் கீழ் வருகின்றன.

வடிவம் மாற்றுவதை இனிமேல் கையால் செய்து மாளாது. 2029 மார்ச் 15 முதல் ஓர் இணையதளச் சான்றிதழின் ஆயுள் அதிகபட்சம் 47 நாள்தான். வெளியே வாங்கி அமேசானில் ஏற்றிய சான்றிதழ் தானாகப் புதுப்பிக்காது. அமேசானே வழங்கியது புதுப்பித்துக்கொள்ளும். எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் தானியங்கிக்கு மாறிவிடுங்கள்.

அதுவரை ஒரு வேண்டுகோள். பி.எஃப்.எக்ஸ். கோப்பை பாஸ்வேர்டோடு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். முன்பின் தெரியாத 'ஆன்லைன் கன்வர்ட்டர்' பக்கத்தில் தனிச் சாவியை ஒட்டாதீர்கள். ஏற்கெனவே செய்திருந்தால் இன்றே புதிய சாவி உருவாக்கிச் சான்றிதழை மறுபடி வாங்கி, பழையதை ரத்து செய்யுங்கள்.