பின்லாந்தைப் பாதியாகப் பார்க்கிறோமா?

பணியிடைப் பயிற்சிகளில் நான் அடிக்கடி கேட்ட பெயர் பின்லாந்து. ஏழு வயதில் பள்ளி, குறைந்த வீட்டுப்பாடம், தொடக்கக் கல்வியில் பொதுத்தேர்வு இல்லை என்று கேட்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவோம்.

அந்த ஆர்வத்தில், ஓர் ஆண்டு என் ஆறாம் வகுப்பில் வீட்டுப்பாடத்தை அடியோடு நிறுத்தினேன். வீட்டில் புத்தகம் இருந்த பிள்ளைகள் தாமாக வாசித்தார்கள். இல்லாத பிள்ளைகள் மேலும் பின்தங்கினார்கள். அதன்பிறகே அந்நாட்டைப் பற்றி முழுமையாகப் படிக்கத் தொடங்கினேன்.

15 வயது மாணவர்களின் திறனை அளக்கும் பன்னாட்டுத் தேர்வு 'பிசா'. 2000ஆம் ஆண்டு நடந்த முதல் தேர்வில் பின்லாந்து வாசிப்பில் முதலிடம் பெற்றது. உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்த வெற்றிக்கான விதை 1972இல் தொடங்கிய பொதுப்பள்ளிச் சீர்திருத்தம். ஏழை, பணக்காரர் வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படித்தனர். 1979 முதல் ஆசிரியருக்கு முதுநிலைப் பட்டம் கட்டாயமானது. பின்தங்கும் மாணவரை ஆரம்பத்திலேயே கண்டறிந்து, சிறப்பாசிரியர் துணை நின்றார். நாம் கண்டது காயை, வேரை அல்ல.

இன்றைய நிலை என்ன? 2006இல் பின்லாந்தின் கணித மதிப்பெண் 548. 2022இல் 484. பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் சராசரியான 472ஐ விட இது அதிகம்தான். எனினும் நால்வரில் ஒருவர் கணிதத்தில் அடிப்படைத் திறனை எட்டவில்லை. வாசிப்பில் சிறுவர்கள் சிறுமியரைவிட வெகுவாகப் பின்தங்கியுள்ளனர். குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் இடைவெளி பெரிது. வெளியே புகழ் நீடிக்க, உள்ளே கவலை வளர்ந்தது. 2025 ஆகஸ்டு முதல் பாடவேளையில் கைபேசிப் பயன்பாட்டைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கற்றல் துணைக்கான விதிகளும் மாற்றப்பட்டுள்ளன.

இதனால் பின்லாந்து தோற்றுவிட்டது என்று பொருளில்லை. தன் குறையைத் தானே அளந்து, பேசி, திருத்த முனைவதும் நாம் கற்க வேண்டிய பாடமே.

இப்போது எந்த நாட்டின் முறையைக் கேட்டாலும் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். இது எப்போது தொடங்கியது? இதைத் தாங்கி நிற்பது எது? இன்று அங்கு என்ன நிலை? என் வகுப்பில் வீட்டுப்பாடம் திரும்ப வந்துவிட்டது. ஆனால் புத்தகம் இல்லாத பிள்ளைகள் மாலையில் அரை மணி நேரம் வகுப்பு நூலகத்தில் வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். பின்லாந்திடமிருந்து நான் உண்மையில் எடுத்துக்கொண்டது அந்த அரை மணி நேரத்தைத்தான்.