ஊதினால் ஆறும், ஊதினால் சிவக்கும்

டீ கொதிக்கிறதா? ஊதிக் குடியுங்கள். ஏர் ஃபிரையரின் சூட்சுமம் அந்த ஊதலில்தான் இருக்கிறது.

டீயின் மேல் சூடான ஈரக்காற்று போர்வை மாதிரி படிந்திருக்கும். ஊதினால் போர்வை விலகும், டீ ஆறும். இதையே திருப்பிப் பார்ப்போம். சூடான பெட்டிக்குள் வைத்த கிழங்கையும் ஒரு போர்வை மூடியிருக்கும். அது சற்றே குளிர்ந்த ஈரக்காற்று. அதை விசிறி விரட்டிக்கொண்டே இருந்தால், சூடு நேராகக் கிழங்கைத் தொடும். மேலே பழுக்கக் காயும் கம்பிச்சுருள், அதற்கொரு விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை. இயந்திரம் அவ்வளவுதான்.

பிலிப்ஸ் நிறுவனம் 2010இல் இதை ‘ஏர்ஃபிரையர்’ என்று பெயரிட்டு விற்க வந்தது. குழப்பமும் அந்தப் பெயரோடு வந்தது. ஃபிரையர் என்றதும் நமக்கு வாணலி ஞாபகம்: எண்ணெய்க்குப் பதில் காற்று, மற்றபடி அதே பஜ்ஜி! உண்மையில் இது பொரிப்பதே இல்லை, சுடுகிறது. பேக்கரி அடுப்புக்குக் குட்டித் தம்பி.

180 டிகிரி எண்ணெயும் 180 டிகிரி காற்றும் ஒன்றல்ல. கேக் அடுப்பிலிருந்து தட்டை எடுக்கும்போது நம் கை அந்தக் காற்றுக்குள் போய் வருகிறது. எண்ணெய் ஒரு சொட்டுத் தெறித்தாலே கொப்புளம். எண்ணெய் சூட்டை அள்ளிக் கொடுக்கும், காற்று கிள்ளிக் கொடுக்கும். அதனால்தான் வாணலியில் விழுந்ததும் இறுகுகிற பஜ்ஜி மாவு, கூடையில் இறுகுமுன்னே ஓட்டை வழியே ஒழுகிவிடுகிறது.

அடுத்து, மொறுமொறுப்பு. தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகும். மேலே ஈரம் இருக்கும்வரை சூடு அதற்குமேல் ஏறாது; பண்டம் நன்றாகச் சிவக்கவோ 140 டிகிரியாவது வேண்டும். கம்மாபுரத்து மொட்டை மாடியில் வடாம் காயவைப்பதை நினைத்துக்கொள்வோம். குவித்துப் போட்டால் காயுமா? கூடையும் அப்படித்தான். ஒரே அடுக்காகப் பரப்பி, பாதியில் ஒருமுறை குலுக்கிவிட வேண்டும். ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசறினால் மசாலா ஒட்டும், சூடும் சீராகப் பரவும்.

அப்படியானால் எதில் தொடங்கலாம்? சிதம்பரம் கொத்சுக்கான கத்திரிக்காயில். எண்ணெய் தடவி, வெடிக்காமலிருக்க நாலு இடத்தில் குத்தி, 200 டிகிரியில் 20 நிமிடம். 1,500 வாட் இயந்திரம் என்றால் அரை யூனிட் மின்சாரம். தோல் சுருங்கி, உள்ளே குழைந்திருக்கும். பண்ருட்டி முந்திரியா? 150 டிகிரி போதும். சில நிமிடத்தில் சிவந்துவிடும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

மழை நாளில் பஜ்ஜி கேட்டால் மட்டும், வாணலியையே அடுப்பில் ஏற்றுங்கள்.