போனபின் பாடிய பாட்டு

இருக்கும்போது தெரியாத அருமை இல்லாதபோது தெரியும் என்பார்கள். பழைய சீனத்துக் கவிஞர்கள் சிலர் இதைக் கவிதையாகவே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், வாசகிகளே!

ஆதியில் அங்கே சாவுப் பாட்டு வீதியில்தான் ஒலித்தது. சவ வண்டியைக் கயிற்றால் இழுத்துச் செல்பவர்கள் பாடுவார்கள். அதனால் 'இழுப்பவர் பாட்டு' என்றே அதற்குப் பெயர். ஹான் வம்சத்து நாளில் அதிலும் அந்தஸ்து பார்த்தார்களாம்! பிரபுக்களுக்கு ஒரு பாட்டு, சாதாரண ஜனங்களுக்கு வேறொன்று என்று ஒரு பழைய நூல் கூறுகிறது.

வீட்டுக்குள் இருந்த துக்கத்தைப் பாடிப் புகழ் பெற்றவர் பான் யுவே. கி.பி. 298-ல் அவருடைய மனைவி காலமானாள். கணவன் இறந்தால் மனைவிக்கு மூன்று வருஷத் துக்கம். மனைவி இறந்தால் கணவனுக்கு ஒரு வருஷம். இது சீனர்களின் சாஸ்திரம். அந்த ஒரு வருஷம் முடிந்து, உத்தியோகத்துக்குத் திரும்ப வேண்டிய வேளை வந்தது. வீட்டை விட்டுக் கிளம்ப அவருக்கு மனம் வரவில்லை. அந்தத் தவிப்பை மூன்று கவிதைகளாக எழுதினார். 'மறைந்தவரை எண்ணி வருந்துதல்' என்பது அவற்றின் பெயர். பிறகு அந்தச் சொல்லே, மனைவியை இழந்தவன் பாடும் பாட்டைக் குறிக்கலாயிற்று!

ஐந்நூறு ஆண்டு கழித்து வந்தவர் யுவான் ஜென். அவர் மனைவி பெரிய அதிகாரியின் மகள்; வாழ்க்கைப்பட்டதோ ஏழை வீட்டில். 809-ல் அவள் இறந்தாள். கணவருக்கு மது வாங்கத் தன் தங்கக் கொண்டை ஊசியைக் கழற்றிக் கொடுத்தவள் அவள். உதிர்ந்த இலைகளை அடுப்புக்கு விறகாக்கியவள். சம்பளம் உயர்ந்த காலத்தில் அதை அனுபவிக்க அவள் இல்லையே என்றுதான் அவர் ஏங்கினார்.

ஸூ ஷியின் கதை இன்னும் உருக்கமானது. மனைவி வாங் ஃபூ 1065-ல் மறைந்தாள். கல்லறை மேற்கே, அவருடைய சொந்த ஊரான ஸெச்சுவான் பக்கத்தில். அவரோ பத்து வருஷம் கழித்துக் கிழக்கே வெகு தொலைவில் உத்தியோகம் பார்த்து வந்தார். 1075-ல் ஒரு நாள் இரவு கனவு கண்டார். பழைய வீட்டு ஜன்னலருகே அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள்! அந்தக் கனவு, சீனர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்லும் கவிதையாயிற்று.

"மறுமணம் செய்துகொள்ளவில்லையாக்கும்?" என்று கேட்பீர்கள். செய்துகொண்டார். 1068-லேயே, அவளுடைய ஒன்றுவிட்ட தங்கையை! ஆனாலும் முதல் மனைவி கனவில் வராமல் இருக்கவில்லை.

கொண்டை ஊசி, அடுப்புக்கு இலை, ஜன்னலோரத்துச் சீப்பு... எல்லாம் அன்றாடம் கண்ணில் பட்டும் கவனியாமல் விடுகிற விஷயங்கள். அவை கவிதையானபோது, கேட்டு மகிழ வேண்டியவர்கள் உயிரோடு இல்லை. அதுதான் இந்தப் பாட்டுக்களின் பெரிய சோகம்.

படித்தாயிற்றா? இந்தப் பக்கத்தை மடிக்காமல், உங்கள் வீட்டுக்காரர் கண்ணில் படும்படி மேஜைமேல் வைத்துவிடுங்கள்!